மலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? தென்னிந்தியப் பயணத்துக்கு மாதம் பார்ப்பது எப்படி

ஒரு மே மாதம் இரண்டாவது வாரம், வேன் பிடித்து, பெரியவர் சிறியவர் என்று பதினான்கு பேர் சென்னையிலிருந்து குற்றாலம் போனோம். திட்டம் போட்டவன் நான்தான். பிள்ளைகளுக்கு லீவு, வெயில் கொளுத்துகிறது, அருவியில் குளித்தால் நன்றாக இருக்கும், இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. போய்ப் பார்த்தால் மெயினருவிப் பாறை காய்ந்து கிடக்கிறது. ஓரமாக நூல் மாதிரி ஒழுகிய தண்ணீருக்கு அடியில் முப்பது பேர் வரிசை. உச்சந்தலை வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த சித்தப்பா, கடைசியில் லாட்ஜ் பாத்ரூமில் வாளித் தண்ணீரில்தான் தலை முழுகினார். லாட்ஜ் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களைப் பாவமாகப் பார்த்துவிட்டு, "சாரல் இல்லாம குத்தாலத்துல என்ன சார் இருக்கு, ஆனி ஆடியில வாங்க" என்றார். சித்தப்பா இந்தக் கதையை இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்கப்புறம்தான் மாதம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முதல்முறையாகத் தெற்கே சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு, அல்லது ஊர் தெரியும் ஆனால் எப்போது போவதென்று தெரியாது என்பவர்களுக்கு, நான் எந்த வரிசையில் யோசிக்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மறந்துவிடுங்கள். "தென்னிந்தியாவுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம்" என்று எங்கே தேடினாலும் வரும். அதை நம்பி நவம்பரில் மாமல்லபுரம், சிதம்பரம், நாகூர் என்று டிக்கெட் போட்டவர்கள் குடையும் கையுமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு ஹம்பிக்குச் சரி, ஹைதராபாத்துக்குச் சரி. சோழமண்டலக் கடற்கரைக்குச் சரியில்லை.

முதல் வேலை: மலை எந்தப் பக்கம் என்று பாருங்கள்

வரைபடத்தைத் திறந்து, நீங்கள் போகிற ஊர் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே இருக்கிறதா கிழக்கே இருக்கிறதா என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நமக்கு இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளாவில் தொடங்கி செப்டம்பர் வரை இருக்கும். அரபிக்கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறி அங்கேயே கொட்டிவிடும். அதனால் கேரளா, குடகு, மங்களூர், ஆகும்பே பக்கம் அடித்து ஊற்றும்போது மலைக்கு இந்தப் பக்கம் மதுரையும் திருநெல்வேலியும் வெறும் காற்றோடு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அக்டோபர் மூன்றாவது வாரம் வாக்கில் காற்று திசை மாறி, வங்காள விரிகுடாவிலிருந்து வடகிழக்குப் பருவமழை வரும். தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது. புயல்களும் பெரும்பாலும் இப்போதுதான்.

கேரளாவிலும் அக்டோபர், நவம்பரில் மழை உண்டு, துலாவர்ஷம் என்பார்கள். ஆனால் அது வேறு மாதிரி. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு வந்து ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே அந்த மாதங்களில் அங்கே போனால் சுற்றுவதையெல்லாம் காலையில் முடித்துவிடுங்கள், சாயங்காலத்தை டீக்கடைக்கு விட்டுவிடுங்கள்.

மலையில் சில இடங்களில் இடைவெளி இருக்கிறது, அங்கே கணக்கு மாறும். பாலக்காட்டு இடைவெளி வழியாக வருகிற காற்றுதான் ஜூன், ஜூலையில் கோவையையும் பொள்ளாச்சியையும் குளுகுளு என்று வைத்திருக்கிறது. செங்கோட்டைப் பக்கத்து இடைவெளியில் புகுந்து வருகிற காற்றும் தூறலும்தான் குற்றாலத்துச் சாரல். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் கிடைக்கும்.

நீலகிரிக்குப் போகிறவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு பக்கமும் இருக்கிறது. கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் ஆடியில் நாள் கணக்கில் விடாமல் பெய்யும். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் கனமழை. "ஊட்டியில் மழையா?" என்று கேட்டால் எந்தப் பக்கத்து ஆளைக் கேட்கிறீர்களோ அதைப் பொறுத்துப் பதில் வரும்.

அடுத்து, தமிழ் மாதத்தை வைத்துப் பாருங்கள்

இது கொஞ்சம் பழைய முறைதான், ஆனால் தமிழ்நாட்டுக்குள் சுற்றுவதற்கு எனக்கு இதுதான் கைகொடுக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்க நல்ல நேரம், படகு ஏற நல்ல நேரம் இல்லை என்று பொருள். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும். சித்திரையில் அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்து வைகாசிப் பாதி வரை போகும், மே 4 வாக்கிலிருந்து மே 28 வரை.

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023இல் மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17ஆம் தேதி, தூத்துக்குடி திருநெல்வேலிப் பக்கம் தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். டிசம்பரில் தெற்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. திரும்பும் டிக்கெட்டுக்கும் ஆபீஸ் போகிற நாளுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள் என்கிறேன்.

எதற்காகப் போகிறீர்கள்?

இதைக் கேட்காமல் மாதம் முடிவு செய்யவே முடியாது. அருவியில் நனைய ஆசைப்படுகிறவருக்கு நல்ல மாதம், கோயில் பார்க்கிறவருக்குப் புழுக்கமான மாதம்.

அருவி என்றால் ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை குற்றாலம். மெயினருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடும். மெயினருவியில் தடை என்றால் ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று அடுத்ததற்கு ஆட்டோ பிடிப்போம் என்று ஓடாதீர்கள், மேலே காட்டில் பெய்கிற மழை எந்த அருவியில் எப்போது இறங்கும் என்று கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் இறந்துபோனான். அது சீசனே இல்லாத மாதம். நவம்பர், டிசம்பரிலும் குற்றாலத்தில் தண்ணீர் விழும், ஆனால் அப்போது ஐயப்ப சாமிகள் கூட்டம், ரூம் கிடைப்பது கஷ்டம்.

கர்நாடகாவில் ஜோக் அருவி 253 மீட்டர் உயரம், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. மேலே லிங்கனமக்கி அணை இருப்பதால் மழை குறைந்த வருடத்தில் போனால் பாறைதான். உச்சக்கட்ட மழையில் போனால் மேகம் மூடி அருவியின் சத்தம் மட்டும் கேட்கும், அதனால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் நல்லது. அதிரப்பள்ளிக்கும் இதையே சொல்வேன். ஒகேனக்கல் கொஞ்சம் தலைகீழ். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் காவிரி பெருக்கெடுத்து வரும், பார்க்க அழகு, ஆனால் பரிசலும் குளியலும் தடை. ஜூலை, ஆகஸ்டில் போவதாக இருந்தால் காலைப் பேப்பரில் "வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்று வருகிற செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குளிர்ச்சிக்காக மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு எளிய கணக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினால் தோராயமாக 6 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 37 டிகிரி அடிக்கும்போது 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டியில் 25 வாக்கில் இருக்கும். வால்பாறை அதில் பாதி உயரம்தான், ஆகவே மே மாதம் அங்கே போய் ஸ்வெட்டரைத் தேடாதீர்கள். ஊட்டிக்கு ஏப்ரல், மே முதல் சீசன், மலர்க் கண்காட்சி எல்லாம் அப்போதுதான். எனக்கு என்னவோ அந்த மாதங்களில் ஊட்டி போவது தி.நகரில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவது மாதிரித்தான் இருக்கிறது. செப்டம்பர், அக்டோபர் முதல் பாதியில் இரண்டாம் சீசன் வரும், கூட்டம் குறைவு, புல்வெளி பச்சையாக இருக்கும். உறைபனி பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் கடைசி, ஜனவரி, விடிவதற்கு முன்னால் தலைகுந்தா பக்கம் போய் நில்லுங்கள், புல் மேல் உப்பு தூவின மாதிரி இருக்கும். ஆனால் குழந்தைகளுக்குக் காதை மூடுகிற குல்லாய் அவசியம்.

மலை ரயில் ஆசை இருந்தால் மழைக்காலத்தைத் தவிருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 1908இல் ஊட்டி வரை வந்த பாதை, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண் சரிந்து, கல்லார் குன்னூர் பகுதியில் ரயிலை அடிக்கடி ரத்து செய்வார்கள். ஜனவரி, பிப்ரவரியில் போனால் நம்பிக் கிளம்பலாம்.

மூணாறில் இரவிகுளத்துக்குப் போய் வரையாடு பார்க்க வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச் வேண்டாம். குட்டி ஈனுகிற காலம் என்று வழக்கமாக அந்த இரண்டு மாதமும் பூங்காவை மூடிவிடுவார்கள். அங்கே 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் யாராவது "குறிஞ்சி பூத்திருக்கு வாங்க" என்று வீடியோ போட்டால் அது வேறு குறிஞ்சி வகையாக இருக்கும், வேறு மலையாக இருக்கும். அதுவும் அழகுதான், ஆனால் எந்த இடம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

மலையேற்றம் போகிறவர்கள் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம் என்பதை மனதில் வையுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தக் காலத்தில் வனத்துறை பல பாதைகளை மூடிவிடும். வெள்ளியங்கிரி இதற்கு நேர்மாறு, அங்கே பிப்ரவரியிலிருந்து மே வரைதான் ஏற விடுகிறார்கள்.

கோயில் ஊர்களுக்கு, தஞ்சாவூர், கும்பகோணம், மதுரை, ஸ்ரீரங்கம் எதுவானாலும், தை, மாசிதான். காரணம் உங்கள் பாதம். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏப்ரல் மாத மதியம் தஞ்சைப் பெரிய கோயில் முற்றத்தில் இறங்கிப் பாருங்கள், பத்தடி போவதற்குள் குதிக்க ஆரம்பித்துவிடுவோம், நிழலைத் தேடி ஓடி, விமானத்தை நிமிர்ந்து பார்க்கவே தோன்றாது. வெயில் காலத்தில்தான் போக முடியும் என்றால் பையில் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், காலை 6 மணிக்குப் போய் 9 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். மதியம் பன்னிரண்டரை வாக்கிலிருந்து நாலு மணி வரை பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தியிருக்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும். வடக்கிலிருந்து வருகிற நண்பர்கள் எப்போதும் இதில்தான் மாட்டுகிறார்கள். மார்கழியில் விடியற்காலையிலேயே திறந்துவிடுவார்கள், குளிரும் இதமாக இருக்கும். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி, திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம், மதுரையில் சித்திரைத் திருவிழா எல்லாம் திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு. அந்த நாட்களில் சிற்பம் பார்க்கப் போனால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

கடற்கரையில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ராமேசுவரம் போய் மீன் சாப்பிட வேண்டும் என்று மே மாதம் கிளம்புவார்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலை ஏறியிருக்கும். கேரளாவில் இந்தத் தடை ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை. தடை முடிந்து படகுகள் திரும்பின வாரம் போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம். குளிப்பதைப் பொறுத்தவரை, கோவளம், வர்க்கலா, கோகர்ணா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் முரடு, இறங்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் கேரளா, குமரி கடற்கரைகளில் "கள்ளக்கடல்" என்று ஒன்று வரும். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், தொலைவில் தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலை திடீரென்று வந்து கரையை வாரிக்கொண்டு போகும். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை வந்திருந்தால் கால் நனைக்கக்கூடப் போக வேண்டாம்.

பறவை பார்க்கிறவர்களுக்கு வேடந்தாங்கலும் கோடியக்கரையும் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்கு மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால்தான் வேடந்தாங்கலில் கூட்டம் கூட்டமாக இறங்கும், ஆகவே பொங்கல் கழித்துப் போவது உத்தமம். சாயங்காலம் நாலரைக்கு மேல் கரையில் நின்றால் இரை தேடப் போனவை எல்லாம் கூட்டுக்குத் திரும்புவதைப் பார்க்கலாம்.

ஹம்பி, பாதாமி, அரக்கு இவற்றுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி. ஹம்பியில் மார்ச் பாதியிலேயே பாறைகள் அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

கூட்டத்துக்கும் ஒரு நாட்காட்டி இருக்கிறது

வானிலை சரியாக இருந்து ரூம் கிடைக்காவிட்டால் என்ன பிரயோஜனம்? காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல், தீபாவளி, சனி ஞாயிறோடு ஒட்டி வருகிற அரசு விடுமுறை, இவற்றைக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். கர்நாடகாவில் தசரா விடுமுறை, கேரளாவில் ஓணம் வாரம் என்று பக்கத்து மாநிலத்து லீவுகளையும் பார்க்க வேண்டும். நமக்கு வேலை நாளாக இருக்கும், ஊட்டி நிறைய பெங்களூர் வண்டியாக இருக்கும். நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை சபரிமலை சீசன், கேரளா ரயில்களில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, எனவே கிளம்புகிற நாளிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி, அன்றைக்குக் காலை 8 மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். ரூம் புக் பண்ணுவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

மழைக்காலம் மட்டம் என்று நினைக்காதீர்கள். ஜூலையில் ஆலப்புழை படகு வீடு வாடகை நன்றாக இறங்கியிருக்கும், கர்க்கடக மாதம் ஆயுர்வேத சிகிச்சைக்கு ஏற்றது என்பது மலையாளிகளின் நம்பிக்கை. நேரு கோப்பைப் படகுப் போட்டி வழக்கமாக ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை, ஆனால் வயநாடு நிலச்சரிவு நடந்த 2024இல் செப்டம்பர் 28க்குத் தள்ளிப்போனது, 2025இல் ஆகஸ்ட் 30 என்று வைத்தார்கள். தேதியை உறுதி செய்யாமல் டிக்கெட் போடாதீர்கள். அதோடு, ஜூலை ஆகஸ்டில் வயநாடு, இடுக்கி மலைச்சரிவுகளில் தங்குவதை நான் தவிர்த்துவிடுகிறேன். சமவெளியில் தங்கி மழை பார்க்கலாம்.

கிளம்புகிற வாரம்

வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் குடை, ஆரஞ்சு என்றால் மலைப்பாதை வேண்டாம், சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம், பயணத்தையே தள்ளிப்போடுங்கள். இது என் அளவுகோல், நீங்கள் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அப்புறம் அந்த ஊரில் யாருக்காவது போன் போடுங்கள். ஹோட்டல் ரிசப்ஷனில் கேட்டால் எப்போதும் "சூப்பரா இருக்கு சார், வாங்க" என்றுதான் வரும். டீக்கடையோ, ஆட்டோக்காரரோ, போன தடவை வண்டி ஓட்டினவரோ, அவர்களிடம் கேட்டால் உண்மை வரும்.

சித்தப்பாவை மூன்று வருடம் கழித்து ஓர் ஆடி மாதம் மறுபடி குற்றாலம் கூட்டிப் போனேன். முந்தின நாள் தென்காசியில் ஒரு ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, தண்ணி விழுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். வளைவைத் தாண்டி விழுந்ததால் இரண்டு மணி நேரம் தடை, எண்ணெய் வழிய வழியப் படிக்கட்டில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றோம், பதினோரு மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். அரை மணி நேரம் நின்று குளித்துவிட்டு வந்தவர், தண்ணீர் என்ன இப்படி அடிக்கிறது, முதுகெல்லாம் வலிக்கிறது என்றார்.